சேர்ந்து நிற்பது குற்றமாக இருந்த காலம்

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு, என் முதல் வேலையில் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்த ஒரு பிற்பகலில், எனக்கு அடுத்த மேசையில் வேலை பார்த்தவரை நிர்வாக அறைக்கு அழைத்தார்கள். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணன் என்றுதான் அழைப்பேன். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தவர், இழுப்பறையில் இருந்த கண்ணாடிக் கூட்டையும் டிபன் பாக்ஸையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். தன் சொந்த விருப்பத்தின்பேரில் வேலையிலிருந்து விலகுவதாக ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருந்த கடிதத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். “கூட ஒரு ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன் தம்பி. இது உங்களுக்கும் கம்பெனிக்கும் உள்ள விஷயம், மூன்றாவது ஆள் எதற்கு என்று சொல்லிவிட்டார்கள்” என்றார். அவர் போன பிறகு அந்த மேசைப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

ஒவ்வொரு மே தினத்தின்போதும் எனக்கு நினைவுக்கு வருவது செங்கொடியோ ஊர்வலமோ அல்ல, அந்த ஒற்றை வாக்கியம்தான். ‘உங்களுக்கும் கம்பெனிக்கும்’ என்று சொல்லும்போது தமிழின் எண்ணும்மை இரண்டு பக்கத்தையும் ஒரே தராசில் ஏற்றிச் சமமாக்கிவிடுகிறது. ஆனால் அந்த அறையில் ஒரு பக்கம் இருந்தவர் அடுத்த மாத வாடகையைப் பற்றிய கவலையோடு தனியாக உட்கார்ந்திருந்த மனிதர். மறுபக்கம் இருந்ததோ பங்குதாரர்கள், இயக்குநர்கள், வழக்கறிஞர், கணக்குத் துறை ஆகிய அனைவரும் சேர்ந்த ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்துக்குச் சட்டம் ‘ஒரு நபர்’ என்ற தகுதியைக் கொடுத்திருக்கிறது. முதல் போட்டவர்கள் பலர் சேர்ந்து ஒருவராகலாம். உழைப்பைப் போட்டவர் மட்டும் எப்போதும் ஒருவராகவே வர வேண்டும் என்பதுதான் அந்த வாக்கியத்தின் உட்பொருள். தொழிற்சங்கத்தைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதெல்லாம் அந்த ‘மூன்றாவது ஆள்’ வந்து சேர்ந்த கதைதான்.

அவர் அவ்வளவு எளிதில் வந்துவிடவில்லை. தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு கூலி உயர்வு கேட்பதைப் பிரிட்டனில் சட்டம் நீண்ட காலம் சதி என்றே அழைத்தது. 1799, 1800 ஆண்டுகளின் கூட்டுத் தடைச் சட்டங்கள் அதை வெளிப்படையாகக் குற்றமாக்கின. வேடிக்கை என்னவென்றால், பொருளாதாரத் தாராளவாதத்தின் தந்தை என்று போற்றப்படும் ஆடம் ஸ்மித்தே 1776இல் இந்த ஓரவஞ்சனையைச் சுட்டிக்காட்டியிருந்தார்: கூலியை உயர்த்துவதில்லை என்று முதலாளிகள் எங்கும் எப்போதும் மறைமுகமாகச் சேர்ந்தே இருக்கிறார்கள், அவர்கள் சேர்வதைச் சட்டம் தடுப்பதில்லை, தொழிலாளர்கள் சேர்வதை மட்டும் தடுக்கிறது என்று. அந்தச் சட்டங்கள் 1824இல் நீக்கப்பட்ட பிறகும்கூட, 1834இல் டோர்செட் மாவட்டத்தின் டால்படல் என்ற கிராமத்தில் கூலிக் குறைப்பை எதிர்க்கச் சங்கம் அமைத்த ஆறு விவசாயத் தொழிலாளர்களை, ரகசிய உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள் என்ற குற்றச்சாட்டின்பேரில், ஏழு ஆண்டுகளுக்கு ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தித் தண்டித்தார்கள். மக்கள் எதிர்ப்பு பெருகவே, இரண்டு ஆண்டுகளில் அரசு அவர்களுக்கு மன்னிப்பு வழங்க வேண்டியதாயிற்று.

டால்படல் நமக்குத் தொலைவு. பெரம்பூரோ அருகில்தான் இருக்கிறது.

சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27 அன்று தொடங்கப்பட்டது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். பெரம்பூரில் இருந்த பக்கிங்காம், கர்நாடிக் நெசவாலைகளின் தொழிலாளர்கள் வந்துபோகும் பகுதியில் இருந்த செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும், ஆன்மிகச் சொற்பொழிவுகளுக்காகக் கூடிய சபையில் தொழிலாளர்களின் குறைகளைக் காதுகொடுத்துக் கேட்கத் தொடங்கியதிலிருந்து அதன் கதை ஆரம்பிக்கிறது. பிறகு அவர்கள் அன்னி பெசன்ட்டின் சகாவான பி. பி. வாடியாவை அணுகினார்கள். வாடியா தலைவரானார், திரு. வி. கலியாணசுந்தரனார் துணைத் தலைவர்களில் ஒருவரானார். வாடியா பார்சி வகுப்பைச் சேர்ந்தவர்; அவர் ஆங்கிலத்தில் பேசப் பேச, அது தமிழாக்கப்பட்டுத் தொழிலாளர்களைச் சென்றடைந்தது.

அந்தத் தொழிலாளர்கள் எடுத்த எடுப்பில் கேட்டவற்றில் ஒன்று என்னை இன்றும் நிறுத்தி யோசிக்கவைக்கிறது. உச்சிவேளைச் சாப்பாட்டுக்கு அவர்களுக்கு இருந்த இடைவேளை அரை மணி நேரம். அதற்குள் ஆயிரக்கணக்கானவர்கள் தறியை விட்டு வெளியே வந்து, கைகழுவி, சாப்பிட்டு, மீண்டும் வாயிலைக் கடந்து உள்ளே போயிருக்க வேண்டும். அந்த இடைவேளையில் சில நிமிடங்களைக் கூட்டித் தாருங்கள் என்பதுதான் கோரிக்கை. புரட்சி, சுரண்டல், உபரி மதிப்பு போன்ற சொற்கள் எதுவும் அதில் இல்லை. சோற்றை மென்று விழுங்க நேரம் வேண்டும் என்பதைத் தனியொரு தொழிலாளி கேட்டிருந்தால் மேற்பார்வையாளர் சிரித்திருப்பார், அல்லது மறுநாள் வர வேண்டாம் என்றிருப்பார். சங்கம் கேட்டபோது நிர்வாகம் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

நிர்வாகம் இறுதியில் சொன்ன பதில்தான் இந்த நாட்டுத் தொழிலாளர் சட்டத்தின் போக்கையே மாற்றியது. 1920இன் இறுதியில் ஆலை கதவடைக்கப்பட்டிருந்த காலத்தில், அதை நடத்திய பின்னி நிறுவனம் வாடியா உள்ளிட்ட சங்கத் தலைவர்கள்மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. தொழிலாளர்கள் தங்கள் வேலை ஒப்பந்தத்தை மீறும்படி இவர்கள் தூண்டிவிட்டதால் கம்பெனிக்கு நஷ்டம் ஏற்பட்டது, அந்த நஷ்டத்தை இவர்கள் ஈடுகட்ட வேண்டும் என்பது வாதம். நீதிமன்றம் தலைவர்களுக்கு எதிராகத் தடையாணை பிறப்பித்தது. சங்கம் என்ற ஒன்றைச் சட்டம் அப்போது அறிந்திருக்கவே இல்லை. அதன் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் பிறருடைய ஒப்பந்தத்தில் தலையிட்ட சில தனிமனிதர்கள்தான். கடைசியில் ஏற்பட்ட சமரசத்தின் விலை, வாடியா தொழிற்சங்க வாழ்க்கையிலிருந்தே விலகிக்கொள்வது என்பதாக இருந்தது. அந்தப் போராட்டத்தின்போது, 1920 டிசம்பரில், காவல்துறை சுட்டதில் இரண்டு தொழிலாளர்கள் இறந்திருந்தார்கள்.

இதே நாடகம் பிரிட்டனில் இருபது ஆண்டுகளுக்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. டாஃப் வேல் ரயில்வே நிறுவனம் தொடுத்த வழக்கில், வேலைநிறுத்தத்தால் ஏற்பட்ட நஷ்டத்துக்குச் சங்கத்தின் நிதியே பொறுப்பு என்று 1901இல் தீர்ப்பு வந்தது. அதன் எதிர்வினையாக 1906இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிச் சங்கங்களுக்குப் பாதுகாப்பளித்தது. ஆள்பவரின் சொந்த நாட்டில் தொழிலாளிக்கு இருந்த பாதுகாப்பு ஆளப்படுபவரின் நாட்டில் இல்லை என்பதைச் சென்னை வழக்கு அம்பலப்படுத்திவிட்டது. 1921இல் தொழிலாளர் தலைவர் என். எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் தொழிற்சங்கங்களின் பதிவுக்கும் பாதுகாப்புக்கும் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஐந்து ஆண்டுகள் இழுபறிக்குப் பிறகு 1926இல் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது.

அந்தச் சட்டத்தை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. பதிவேடு, ஆண்டறிக்கை, நிர்வாகிகளின் தகுதி, நிதியை எதற்குச் செலவிடலாம் என்ற பட்டியல் என்று நடக்கும் வறண்ட வாசகங்கள். ஆனால் நடுவில் இரண்டு பிரிவுகள் இருந்தன. சங்கத்தின் நோக்கங்களுக்காக உறுப்பினர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் உடன்பாட்டைக் குற்றச்சதி என்று தண்டிக்க முடியாது என்றது 17ஆம் பிரிவு. தொழில் தகராறின்போது வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்ற காரணத்துக்காக மட்டும் பதிவுபெற்ற சங்கத்தின்மீதோ அதன் நிர்வாகிகள்மீதோ உரிமையியல் வழக்குத் தொடுக்க முடியாது என்றது 18ஆம் பிரிவு. வாடியாவை வெளியேற்றிய அதே வாதம் இன்னொரு முறை எடுபடக் கூடாது என்பதற்காகவே எழுதப்பட்டதைப் போன்ற வாசகம் அது. அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் உறுப்பு பிற்பாடு சங்கம் அமைப்பதை அடிப்படை உரிமையாக்கியது என்பது உண்மைதான். ஆனால் அதற்கு இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, சதிகாரர் என்ற பட்டத்திலிருந்து தொழிலாளியை விடுவித்தவை இந்த இரண்டு வறண்ட பிரிவுகள்தாம்.

சங்கத்தின் பெயரைச் சொன்னால் பெரும்பாலானோருக்கு வேலைநிறுத்தம்தான் நினைவுக்கு வருகிறது. சங்கத்தின் பணியில் அது மிகச் சிறிய பகுதி என்பதை நான் என் இரண்டாவது வேலையில்தான் கற்றுக்கொண்டேன். அது சங்கம் இருந்த ஒரு தொழிற்சாலை. நான் அலுவலகப் பிரிவில் இருந்தேன். ஒருமுறை, இரவு ஷிப்டில் இயந்திரத்தின் அருகே தூங்கியதாக ஒரு தொழிலாளிக்கு சார்ஜ் மெமோ கொடுத்து, உள்விசாரணைக்கு நாள் குறித்தார்கள். விசாரணையில் பேசப்படுவதை எழுதி எடுக்கும் வேலை எனக்கு. குற்றம் சாட்டப்பட்டவர் உள்ளே வந்தபோது அவருடன் சங்கச் செயலாளரும் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். யாரும் ‘மூன்றாவது ஆள் எதற்கு’ என்று கேட்கவில்லை. தொழிலாளி தன் சக ஊழியரையோ தான் உறுப்பினராக உள்ள சங்கத்தின் நிர்வாகியையோ துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது தொழிற்சாலையின் வேலை விதிகளான நிலையாணையில் எழுதப்பட்டிருந்தது. கேட்பதற்கு எதுவும் இல்லை.

செயலாளர் அதிகம் பேசவில்லை. மேற்பார்வையாளரிடம் ஒரே ஒரு கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்: “இவர் அன்றைக்கு எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தார்?” முதலில் ‘வழக்கமான நேரத்துக்கு’ என்றார் மேற்பார்வையாளர். வருகைப் பதிவேட்டை வரவழைக்கச் சொன்னார் செயலாளர். தூங்கியதாகச் சொல்லப்பட்டவர் அதற்கு முந்தைய ஷிப்டுக்கே வந்தவர் என்பதும், மாற்றாள் வராததால் தொடர்ந்து இரண்டாவது ஷிப்டிலும் நிறுத்திவைக்கப்பட்டவர் என்பதும், அதற்கான மிகைநேரக் கூலி எங்குமே பதிவாகவில்லை என்பதும் அந்தப் பக்கத்தில் இருந்தன. பதினான்காவது மணி நேரத்தில் ஒருவன் கண்ணயர்ந்தான் என்பது அதுவரை ஒழுங்கீனம். அந்தப் பக்கம் விரிக்கப்பட்ட பிறகு, நிர்வாகம் விளக்க வேண்டிய விஷயம் ஆகிவிட்டது. வேலைநீக்கத்தில் முடிந்திருக்க வேண்டியது எழுத்துப்பூர்வமான ஓர் எச்சரிக்கையில் முடிந்தது. மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலியும் கொடுத்தார்கள். நான் தட்டச்சு செய்த அந்த ஒன்பது பக்கங்களில் ஓர் இடத்தில்கூட யாரும் குரலை உயர்த்தியதாகப் பதிவு இல்லை. முதல் கம்பெனியின் அண்ணனை நான் அன்று இரவு வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கேதான் ‘12(3)’ என்ற எண்ணையும் முதலில் கேட்டேன். தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு அது விளக்கம் தேவைப்படாத சொல். அப்போது நடப்பில் இருந்த 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தின் அந்தப் பிரிவின்படி, தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன்னிலையில் நிர்வாகமும் சங்கமும் கையெழுத்திடும் ஒப்பந்தம் அது. இரு தரப்பும் தங்களுக்குள் வெளியே செய்துகொள்ளும் ஒப்பந்தம் கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். சமரச அதிகாரியின் முன்னால் போடப்பட்டதோ அந்த நிறுவனத்தின் எல்லாத் தொழிலாளர்களையும், சங்கத்தில் சேராதவர்களையும், ஏன், ஒப்பந்தம் போட்ட பிறகு வேலைக்குச் சேரப்போகிறவர்களையும்கூடக் கட்டுப்படுத்தும். சந்தா கட்டியவர்கள் மாதக்கணக்கில் கோரிக்கைப் பட்டியல் தயாரித்து, வாயிற்கூட்டம் போட்டு, பேச்சுவார்த்தைக்கு நடையாக நடந்து பெற்றது, ‘சங்கமெல்லாம் நமக்கெதற்கு’ என்று ஒதுங்கி நின்றவரின் சம்பளச் சீட்டிலும் அதே மாதத்தில் வந்து விழுகிறது. இப்படி ஒதுங்கி நின்று வாங்கிக்கொண்டவர்களை அந்தச் செயலாளர் ஒருநாளும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குத்தான் பொறுக்காது.

ஒதுங்கி நிற்பவர்களை உருவாக்குவதற்கு நிர்வாகங்கள் கண்டுபிடித்த மிக மலிவான வழி பதவிப் பெயர். பில் போடுபவர் முதல் தொலைபேசியில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்பவர் வரை எல்லோரும் இன்று எக்ஸிகியூட்டிவ், அசோசியேட், மேனேஜர். அட்டையில் அப்படி அச்சாகிவிட்டால் தான் தொழிலாளி இல்லை என்று அவர் நம்பத் தொடங்கிவிடுகிறார். பதவியின் பெயர் என்ன என்பது முக்கியமல்ல, அவர் உண்மையில் செய்யும் வேலை என்ன என்பதுதான் முக்கியம் என்று நீதிமன்றங்கள் பல முறை சொல்லியிருக்கின்றன. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்குத் தொழில் தகராறுச் சட்டத்திலிருந்து விலக்கு எதுவும் இல்லை என்று தமிழ்நாடு அரசு 2016இலேயே தெளிவுபடுத்திவிட்டது. இருந்தும் அந்தத் துறையில் இருக்கும் என் நண்பர்களிடம் சங்கம் என்று சொன்னால், ஏதோ பழைய திரைப்படத்தின் பெயரைச் சொன்னதுபோலப் பார்க்கிறார்கள்.

சங்கங்களைப் போற்றி எழுதும்போது அவை தவறிய இடங்களைச் சொல்லாமல் தாண்டிப்போவது எனக்கு நேர்மையாகப் படவில்லை. அந்தத் தவறுகள் எல்லாமே ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன என்பதும் கவனிக்கத்தக்கது: சேர்ந்து நிற்க வேண்டியவர்களில் சிலரைச் சேர்த்துக்கொள்ளாத இடம் அது. 1921இல் பின்னி ஆலைகளில் நடந்த நீண்ட வேலைநிறுத்தம் சாதியின் வழியே பிளந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். மற்றவர்களுக்கும் அவர்களுக்கும் இடையே மூண்ட மோதலில் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. நிர்வாகமும் அரசும் பிரித்தாண்டன என்பது உண்மையே என்றாலும், கையிருப்பு எதுவும் இல்லாமல் மாதக்கணக்கில் கூலியின்றி நிற்கச் சொல்லப்பட்டவர்களுக்குச் சங்கம் என்ன உறுதியைக் கொடுத்தது, அதன் மேடையில் அவர்களுக்கு என்ன இடம் இருந்தது என்ற கேள்விகளையும் தவிர்க்க முடியாது. வேலைநிறுத்தம் தோற்றது.

இன்னொன்று அண்மையில் நடந்தது. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டங்களின் பெண் தொழிலாளர்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள், குறைக்கப்பட்ட போனசை 20 விழுக்காடாக்க வேண்டும் என்று சாலையில் அமர்ந்தார்கள். அவர்கள் அமர்ந்தது நிர்வாகத்துக்கு எதிராக மட்டும் அல்ல. தங்கள் பெயரில் பேசிக்கொண்டிருந்த சங்கங்களுக்கும் எதிராகத்தான். பல பத்தாண்டுகளாகச் சந்தா கட்டிய பெண்கள், ஆண் தலைவர்களைப் போராட்டப் பந்தல் பக்கமே வர வேண்டாம் என்று விரட்டினார்கள். கேட்டதைப் பெற்றார்கள், அதன் பிறகு ‘பெம்பிளை ஒருமை’ என்று தங்களுக்கென்று ஓர் அமைப்பையும் தொடங்கினார்கள். சங்கம் கைவிட்டபோது அவர்கள் சங்கமே வேண்டாம் என்று வீட்டுக்குப் போகவில்லை, வேறொரு சங்கம் கட்டினார்கள் என்பதைத் தொழிற்சங்கங்களை ஏளனம் செய்ய மூணாற்றை மேற்கோள் காட்டுபவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

கேரளத்திலேயே கோழிக்கோட்டில், கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள் தையல் தொழிலாளியான பி. விஜியின் முன்முயற்சியில் ‘பெண்கூட்டு’ என்று சேர்ந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். முதலில் அவர்கள் கேட்டது கழிப்பறை. அடுத்துக் கேட்டது நாற்காலி. துணிக்கடையிலும் நகைக்கடையிலும் காலை முதல் இரவு வரை, வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும்கூட, உட்காரக் கூடாது என்பது எழுதப்படாத விதியாக இருந்தது. 2018இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையைக் கொடுத்தது. 2021இல் தமிழ்நாடும் அதைப் பின்பற்றியது. பெரம்பூர் ஆலைத் தொழிலாளியின் அந்தச் சில நிமிடங்களுக்கும் இந்த நாற்காலிக்கும் இடையில் நூறு ஆண்டுகள் ஓடியிருந்தாலும், இரண்டும் உடம்புக்காகக் கேட்கப்பட்டவை. இரண்டும் தனியாகக் கேட்டபோது கிடைக்காதவை.

நேரத்தைப் பற்றிச் சொல்லாமல் மே தினப் பதிவை முடிக்க முடியாது. 1886இல் சிகாகோவில் எட்டு மணி நேர வேலைக்காக நடந்த வேலைநிறுத்தத்தையும், அதன் தொடர்ச்சியாக ஹேமார்க்கெட் சதுக்கத்தில் வெடித்த குண்டையும், அந்தக் குண்டை எறிந்தவர்கள் என்று மெய்ப்பிக்கப்படாமலேயே 1887 நவம்பரில் தூக்கிலிடப்பட்ட நான்கு பேரையும் எல்லோரும் அறிவார்கள். இந்தியாவில் முதல் மே தினத்தை 1923இல் சென்னைக் கடற்கரையில் கொண்டாடியவர் சிங்காரவேலர் என்பதும் பலருக்குத் தெரியும். அதிகம் பேசப்படாதது, அந்த எட்டு மணி நேரம் இந்தியச் சட்டப் புத்தகத்துக்குள் எவ்வளவு மெதுவாக நுழைந்தது என்பதுதான். 1911ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலைகளில் வயதுவந்த ஆணின் வேலைநேரத்தை ஒரு நாளுக்கு 12 மணியாக வரையறுத்தது. அதுவே அன்று பெரிய முன்னேற்றம். 1922இல் அது 11 ஆனது. 1934இல் 10 ஆனது. வாரத்துக்கு 48 மணி என்ற நிலைக்கு வர 1946 ஆக வேண்டியிருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அதை உறுதிப்படுத்தியது. ஒரு மணி நேரத்தைக் கழிக்கப் பத்தாண்டு என்ற கணக்கு இது.

அதனால்தான் 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறிய தொழிற்சாலைகள் திருத்த மசோதா என்னை அவ்வளவு உலுக்கியது. வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு அப்படியே இருக்கும், நாளுக்கு 12 மணி நேரம் என்று நான்கு நாள் வேலை செய்துவிட்டு மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளலாம், அதுவும் விரும்பும் நிறுவனங்களிலும் விரும்பும் தொழிலாளர்களுக்கும்தான் என்று அரசு விளக்கியது. கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. ஆனால் விருப்பம் என்ற சொல்லைத்தான் நான் ஏற்கெனவே ஒரு முறை தட்டச்சு செய்யப்பட்ட கடிதத்தில் பார்த்திருந்தேனே. ஆளுங்கட்சியின் கூட்டணியில் இருந்த கட்சிகளின் சங்கங்கள் உட்பட எல்லாத் தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. பத்தே நாட்களில், மே 1 அன்று, மசோதா திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார்.

இப்படி எப்போதும் நடப்பதில்லை. 2003 ஜூலையில் இதே மாநிலத்தில், வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஏறத்தாழ 1,70,000 பேர் ஒரே மூச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமையோ சட்டப்படியான உரிமையோ தார்மிக உரிமையோ இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரும்பாலோர் மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக்கொடுத்துத்தான் வேலைக்குத் திரும்ப முடிந்தது. சங்கம் அமைக்கும் உரிமையைப் பாதுகாக்கும் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 87ஆம் உடன்படிக்கையும், கூட்டுப் பேர உரிமையைப் பாதுகாக்கும் 98ஆம் உடன்படிக்கையும் முறையே 1948, 1949 ஆண்டுகளைச் சேர்ந்தவை. அந்த அமைப்பின் நிறுவன உறுப்பினரான இந்தியா இரண்டையும் இன்றுவரை ஏற்று உறுதி செய்யவில்லை. அரசு ஊழியர்களுக்கு அந்த உரிமைகளை முழுமையாகக் கொடுக்க முடியாது என்பதே அதற்குக் காலங்காலமாகச் சொல்லப்படும் காரணம்.

2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஊதிய உயர்வைவிட அதிகம் பேசப்பட்டது அவர்கள் தொடங்கிய சங்கத்தைப் பதிவு செய்வதைப் பற்றித்தான். சங்கத்தின் பெயரில் தன் பெயர் இருக்கக் கூடாது என்று நிறுவனம் ஆட்சேபித்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. பின்னி வழக்கு நடந்த அதே உயர் நீதிமன்றம். நூற்று நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. இம்முறை அது சங்கத்துக்கு எதிராகத் தடையாணை பிறப்பிக்கவில்லை, தொழிலாளர்களுடைய விண்ணப்பத்தின்மீது முடிவெடுக்கும்படி அதிகாரிக்குக் கெடு விதித்தது. மெதுவாகத்தான் என்றாலும், காலம் நகர்ந்துதான் இருக்கிறது.

போன மாதம் என் அண்ணன் மகன் வீட்டுக்கு வந்திருந்தான். உணவு விநியோகச் செயலி ஒன்றுக்காக இருசக்கர வாகனம் ஓட்டுகிறான். நிறுவனத்தின் மொழியில் அவன் தொழிலாளி அல்ல, ‘பங்காளர்’. ஒரு விநியோகத்துக்கான தொகையை முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் குறைத்துவிட்டதாகச் சொன்னான். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லையாம். கேட்டால் செயலியில் அவனுடைய கணக்கையே முடக்கிவிடுவார்களாம். “சங்கம் ஆரம்பிக்க எத்தனை பேர் வேணும் சித்தப்பா?” என்று கேட்டான். விண்ணப்பத்தில் ஏழு பேர் கையெழுத்திட வேண்டும் என்று 1926ஆம் ஆண்டிலிருந்து வரும் கணக்கைச் சொன்னேன். அவன் முகம் மலர்ந்தது. ஏழு பேர் அவனிடம் இருந்தார்கள். பிறகு, 2001ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த நிபந்தனையையும் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நிறுவனத்தில் வேலை செய்பவர்களில் பத்து விழுக்காட்டினரோ நூறு பேரோ, இவற்றில் எது குறைவோ அத்தனை பேராவது உறுப்பினராக இருக்க வேண்டும். பழைய சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. உங்களைத் தொழிலாளர் என்றே நிறுவனம் ஏற்காது, முதலில் அதற்கே வாதாட வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவன் கொஞ்ச நேரம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். “அந்த வாதம் அப்புறம் இருக்கட்டும் சித்தப்பா. பத்து விழுக்காடுன்னா எத்தனை பேருக்குப் பத்து விழுக்காடு? நாங்க மொத்தம் எத்தனை பேர் ஓட்டுறோம்னு இந்தச் செயலிக்குத்தானே தெரியும்?”